தெருவெல்லாம் ஓடிய பழைய காரை வாங்கப் போகிறவர்களுக்கு

பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒரு கணக்குப் போடுவார்கள். அபூர்வமான கார் என்றால் பாகம் கிடைக்காது, லட்சக்கணக்கில் விற்ற சாதாரணக் குடும்பக் கார் என்றால் கேட்ட இடத்தில் கிடைக்கும் என்பது அந்தக் கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாகம் தேடி அலைந்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

ஒரே பிரிட்டிஷ் நிறுவனத்தின் இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் கார் 1962 முதல் 1980 வரை சுமார் 5 லட்சம் தயாரானது. மாரிஸ் மரீனா என்ற குடும்பக் கார் 1971 முதல் 1980 வரை 10 லட்சத்துக்கும் மேல் தயாரானது. இன்று எம்ஜிபிக்கு முழு பாடியையே புதிதாக வாங்கலாம். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடி எடுத்து 1988-இல் இருந்து அதைச் செய்துகொண்டிருக்கிறது. மரீனாவோ பிரிட்டனில் சில நூறு என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மரீனாவின் 1.8 லிட்டர் வகையில் இருந்தது எம்ஜிபியின் அதே பி சீரீஸ் எஞ்சின். அதனால் மரீனாக்காரருக்கு பிஸ்டன், வால்வு, கேஸ்கெட் எல்லாம் இன்றும் சிரமமில்லாமல் கிடைக்கும். அதன் கதவுக் கைப்பிடி லோட்டஸ் எஸ்ப்ரிட்டிலும் லேண்ட் ரோவர் டிஸ்கவரியிலும் போடப்பட்டதால் அதையும் தேடிப் பிடித்துவிடலாம். மட்கார்டு, கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர், உள்பக்க பிளாஸ்டிக் என்று மரீனாவுக்கு மட்டுமே உரியவற்றில்தான் வண்டி நின்றுவிடும். பழைய காரை நிறுத்துவது பெரும்பாலும் எஞ்சின் அல்ல. அந்த மாடலுக்கு மட்டுமே செய்த, அன்றைக்கு மலிவாக இருந்த சில்லறைச் சாமான்தான் நிறுத்துகிறது. கீழே சொல்லும் படிகள் எல்லாம் இதை வைத்தே வருகின்றன.

சாதாரணக் கார்கள் இப்படி மொத்தமாகக் காணாமல் போவது ஏன்? பத்துப் பதினைந்து வருடம் ஓடிய குடும்பக் காரின் மதிப்பு ஒரு கிளட்ச் வேலையின் செலவுக்குக் கீழே போய்விடும். அப்போது யாரும் ரிப்பேர் செய்வதில்லை, பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். அரசுகளும் சில சமயம் இதற்குக் கைகொடுத்தன. 2009-இல் அமெரிக்கா பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது வாங்கும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் சுமார் 6,77,000 வண்டிகள் போயின. எஞ்சினை யாரும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக, ஆயிலை வடித்துவிட்டு சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி, எஞ்சின் இறுகும் வரை ஓட்டிக் கெடுத்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியிலும் இதுபோன்ற திட்டத்தில் ஏறத்தாழ 20 லட்சம் கார்கள் கழிக்கப்பட்டன.

கம்பெனிகள் பழைய பாகங்களை மறுபடி தயாரிப்பதாக அவ்வப்போது செய்தி வரும். எந்தக் காருக்கு என்று பாருங்கள். நிசான் 2017-இல் தொடங்கியது ஸ்கைலைன் ஜிடி-ஆருக்கு. டொயோட்டா 2020-இல் தொடங்கியது சுப்ராவுக்கு. மஸ்டா முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-க்கு. எல்லாம் ஆசைக்கு வாங்கும் வண்டிகள். ஆபீஸுக்குப் போய் வந்த காருக்கு அந்த யோகம் இல்லை. அதன் பாகத்தை நீங்களேதான் திட்டம் போட்டுத் தேட வேண்டும்.

முதல் படி: காரைப் பார்க்கும் முன் அதன் சொந்தபந்தத்தைப் பாருங்கள்

ஒரு மாடல் ஒரு நாட்டில் நின்றுபோனாலும் இன்னொரு நாட்டில் பல வருடம் தொடர்ந்து ஓடியிருக்கலாம், வேறு பெயரில்கூட. அப்படித் தொடர்ந்திருந்தால் பாகங்களும் தொடர்ந்திருக்கும். முதல் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஐரோப்பாவில் 1983 வாக்கில் அடுத்த தலைமுறைக்கு வழிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் அது சிட்டி கோல்ஃப் என்ற பெயரில் 2009 வரை தயாரானது. 1990-களின் தொடக்கத்தில் வந்த நிசான் பி13 சன்னி, மெக்ஸிகோவில் சுரு என்ற பெயரில் 2017 வரை ஓடியது. ரெனோ 12-இன் வடிவமைப்பை வாங்கி ருமேனியாவின் டாசியா 2004 வரை கார் செய்தது. ஃபோக்ஸ்வேகனின் பழைய வேன் பிரேசிலில் 2013 முடியும் வரை வந்துகொண்டிருந்தது. பீட்டிலின் கடைசி வண்டி மெக்ஸிகோவின் புயெப்லாவில் 2003 ஜூலையில் வெளிவந்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த அம்பாசடர் இந்தியாவில் 2014 வரை.

உங்கள் மனதில் இருக்கும் காருக்கு இப்படி ஒரு தம்பியோ சித்தப்பாவோ உண்டா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஆனால் உறவு என்றதும் எல்லாம் பொருந்திவிடும் என்று நம்பி ஆர்டர் போட்டுவிடாதீர்கள். ஃபியட் 124-இலிருந்து வந்ததுதான் முதல் லாடா. வெளியில் பார்த்தால் இரட்டையர்கள். ஆனால் லாடாவின் எஞ்சின் வேறு. ஃபியட்டில் பின் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் இருந்த இடத்தில் லாடாவில் டிரம். அதேபோல ஸ்டியரிங் வலப்பக்கமா இடப்பக்கமா என்பதைப் பொறுத்து டேஷ்போர்டு, வைப்பர் லிங்க், ஹெட்லைட் கண்ணாடி, சில வண்டிகளில் சைலன்சர் குழாய்கூட மாறும். கதவு, கண்ணாடி, சஸ்பென்ஷன் பெரும்பாலும் பொதுவாக இருக்கும்.

எஞ்சின் எத்தனை மாடல்களில் போடப்பட்டது என்பதையும் பாருங்கள். ஒரே எஞ்சின் காரிலும் வேனிலும் ஃபோர்க்லிஃப்டிலும் போயிருந்தால் உங்களுக்கு நல்ல காலம். மிகப் பழைய எஞ்சின் என்றால் ஒரு சின்னக் கேள்வி பாக்கி இருக்கும்: வால்வு வந்து உட்காரும் வளையமான வால்வு சீட் கடினப்படுத்தியதா? அந்த சீட்டைத் தேயாமல் காக்க, ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்த எஞ்சின்கள் நிறைய உண்டு. அந்தப் பெட்ரோலை சாதாரணக் கார்களுக்கு விற்ற கடைசி நாடான அல்ஜீரியாவும் 2021-இல் நிறுத்திவிட்டது. ஹெட்டைக் கழற்றும்போது கடினமான சீட் போட்டுவிட்டால் முடிந்தது. லேத் பட்டறைக்காரருக்கு இது புதிய வேலை இல்லை.

இரண்டாம் படி: முழுமையான வண்டியை வாங்குங்கள், பளபளப்பானதை அல்ல

புதியவர்கள் பெயின்ட்டைப் பார்த்து மயங்குவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது எது இல்லை என்பதை. வண்டியைச் சுற்றி வரும்போது கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, அந்த மாடலுக்கு மட்டுமே உரிய சாமான்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாக் கண்ணாடிகளும், முன் பின் விளக்குகளின் லென்ஸ், கிரில், பம்பரின் ஓரத் துண்டுகள், கதவுக் கைப்பிடி உள்ளும் புறமும், கதவு ரப்பர் பீடிங், மீட்டர் பெட்டி, ஹீட்டர் நாப், சன்வைசர், கார்ப்பெட்டுக்கு மேல் வரும் பிளாஸ்டிக் பட்டி. இவை உடைந்திருந்தாலும் இருந்தால் போதும். உடைந்ததை ஒட்டலாம், அச்செடுக்கலாம். இல்லாததை அச்செடுக்க முடியாது.

கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். முன் கண்ணாடி இரண்டு அடுக்குகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய லேமினேட்டட் வகை. அதைச் சிறு எண்ணிக்கையில் செய்து தரும் கம்பெனிகள் இருக்கின்றன. பக்கத்துக் கண்ணாடியும் பின் கண்ணாடியும் பெரும்பாலும் டெம்பர் செய்தவை. டெம்பர் செய்த கண்ணாடியை அதன் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. முயன்றால் தூள் தூளாகிவிடும். அதனால் வேறு காரின் கண்ணாடியை வாங்கி அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம் என்ற யோசனை செல்லாது. மிகப் பழைய கார்களில் தட்டையான கண்ணாடி என்றால் தட்டை லேமினேட்டட்டை வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். வளைந்த பக்கக் கண்ணாடி, அதிலும் ஹீட்டர் கோடு ஓடும் பின் கண்ணாடி போய்விட்டால், இன்னொரு காரிலிருந்து கழற்றுவதுதான் ஒரே வழி. பின் கண்ணாடி இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் யோசியுங்கள்.

துருவை விட்டுவிடக் கூடாது. ஆனால் துருவிலும் இரண்டு சாதி உண்டு. தட்டையான தளத் தகட்டில் ஓட்டை என்றால் டிங்கர் வேலைக்காரர் தகடு வெட்டி வெல்டு வைத்துவிடுவார். கதவுக்குக் கீழே ஓடும் சில், சஸ்பென்ஷன் பூட்டும் இடம், முன் கண்ணாடியின் அடிச்சட்டம் ஆகியவற்றில் துரு என்றால் அது வேலையும் செலவும் பிடித்த விஷயம். காந்தம் ஒன்றைத் துணி சுற்றி எடுத்துப் போங்கள். புட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது.

பாதி கழற்றிய வண்டியை, "எல்லாப் பாகமும் டிக்கியில் இருக்கு" என்று சொல்லி விற்பார்கள். எல்லாம் இருக்காது. என்ன இல்லை என்பது பூட்டத் தொடங்கிய பிறகுதான் தெரியும்.

மூன்றாம் படி: பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடியுங்கள்

வண்டி வந்த அன்றே செய்ய வேண்டிய வேலை இது. சேஸிஸ் எண், எஞ்சின் எண், கியர்பாக்ஸ் எண், பெயின்ட் குறியீடு, தயாரித்த மாதம் ஆகிய ஐந்தையும் எழுதி, தகடுகளைப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். 1981-க்குப் பிறகு வட அமெரிக்கச் சந்தைக்கு வந்த கார்களில் சேஸிஸ் எண் 17 எழுத்துகள். அதில் 10-ஆவது மாடல் ஆண்டைச் சொல்லும். மற்ற நாட்டு வண்டிகளில் அந்த இடத்தில் ஆண்டு இருக்கும் என்று நம்ப முடியாது. ஆண்டு தெரிந்தாலும் போதாது, ஏனென்றால் கம்பெனிகள் வருட நடுவிலும் பாகத்தை மாற்றும். "இந்த சேஸிஸ் எண்ணுக்கு முன், இதற்குப் பின்" என்று பாகப் பட்டியலில் போட்டிருப்பது அதற்காகத்தான்.

அந்தப் பட்டியலைத்தான் நீங்கள் வாங்க வேண்டும். பழுது பார்க்கும் மேனுவலை எல்லோரும் வாங்குகிறார்கள். பாகப் பட்டியல் புத்தகத்தை யாரும் நினைப்பதில்லை. என்னைக் கேட்டால் இரண்டில் ஒன்றுதான் என்றால் பட்டியலைத்தான் எடுப்பேன். எதற்குப் பின் எது வரும் என்பதை விரித்துக் காட்டும் படங்கள் அதில் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எண் இருக்கும். விற்பவர் அந்தச் சாமானுக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் எண் ஒன்றுதான். ஒருவர் புஷ் என்பார், இன்னொருவர் ரப்பர் மவுண்டிங் என்பார், மூன்றாமவர் எந்தக் காரின் பாகம் என்றே தெரியாமல் "பழைய கார் ரப்பர்" என்று போட்டிருப்பார். எண்ணை வைத்துத் தேடினால் மூன்றும் அகப்படும்.

எண்ணைப் படிக்கவும் பழகலாம். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் பழைய பாக எண்களில் முதல் மூன்று இலக்கங்கள் அந்தப் பாகம் முதலில் எந்த மாடலுக்காக வரையப்பட்டது என்பதைச் சொல்லும். 171 என்றால் முதல் தலைமுறை கோல்ஃப், 191 என்றால் இரண்டாவது, 443 என்றால் அந்தக் கால ஆடி 100. உங்கள் இரண்டாம் தலைமுறை கோல்ஃபில் 171 என்று தொடங்கும் சாமான் இருந்தால், அதை முதல் தலைமுறைக் காரிலிருந்தும் எடுக்கலாம் என்று பொருள். மற்ற கம்பெனிகளுக்கும் இப்படி ஏதாவது முறை உண்டு. இன்னொன்று, ஒரு எண் நிறுத்தப்பட்டு வேறு எண்ணாக மாறியிருக்கலாம். "கிடைக்காது" என்று பதில் வந்தால், "மாற்று எண் ஏதாவது உண்டா" என்று கேட்காமல் திரும்பாதீர்கள்.

பாகத்தின் மேல் இரண்டு பெயர்கள் இருப்பதையும் பார்ப்பீர்கள். கார் கம்பெனி எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. போஷ், லூகாஸ், கிர்லிங், டென்சோ, வலியோ போன்றவர்கள் செய்து கொடுத்தது ஏராளம். அவர்கள் எண்ணும் பாகத்தின் மேல் பொறித்திருக்கும். ஒரே பிரேக் சிலிண்டரை அவர்கள் நான்கு கம்பெனிக்கு விற்றிருப்பார்கள். கார் கம்பெனி எண்ணில் கிடைக்காதது செய்தவர் எண்ணில் கிடைப்பது சாதாரணமாக நடக்கும்.

நான்காம் படி: கார் பாகமே அல்லாதவற்றைப் பிரித்தெடுங்கள்

காரில் இருக்கிற நிறையச் சாமான் உண்மையில் கார்ச் சாமானே இல்லை. உலகப் பொது அளவில் செய்தவை. இதைப் புரிந்துகொண்டால் உங்கள் தேடல் பட்டியல் பாதியாகும்.

பேரிங்கை எடுங்கள். ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், கியர்பாக்ஸ், பழைய வண்டிகளின் பின் ஆக்ஸில் எல்லாவற்றிலும் எண் போட்ட பேரிங் இருக்கும். 6204 என்று இருந்தால் உள்விட்டம் 20 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 47, தடிமன் 14. யார் செய்தாலும் இதே அளவு. கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும். 00, 01, 02, 03 என்றால் முறையே 10, 12, 15, 17 மில்லிமீட்டர். பின்னால் 2ஆர்எஸ் என்று வந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. இதைக் கார் பாகக் கடையில் கேட்கவே வேண்டாம், பேரிங் கடையில் கேளுங்கள். சில கார்களுக்காகத் தனியாகச் செய்த அளவுகளும் உண்டு என்பதால் எண் இல்லாமல் கண்ணால் பார்த்து வாங்க வேண்டாம்.

ஆயில் சீலும் அப்படித்தான். பழைய சீலின் மேல் 35-52-7 என்பதுபோல மூன்று எண்கள் இருக்கும்: தண்டின் விட்டம், வெளிவிட்டம், தடிமன். அதே அளவில் எந்த சீலும் பொருந்தும். தண்டு எந்தப் பக்கம் சுற்றுகிறது, சூடு எவ்வளவு என்பதை மட்டும் பார்க்க வேண்டும். கிராங்க் சீலுக்கு வெப்பம் தாங்கும் ரப்பர்தான் எடுக்க வேண்டும். ஃபேன் பெல்ட்டுக்கு அகலமும் நீளமும் போதும். ஹெட்லைட் பல்பு எச்4 என்றால் 1971-இல் வந்த அந்த வகை இன்றும் எங்கும் விற்கிறது. 7 அங்குல வட்ட விளக்கு இருக்கும் பழைய கார்களுக்கு விளக்குக் கவலையே கிடையாது. சதுரமும் சாய்வுமாக அந்த மாடலுக்கென்றே வார்த்த விளக்குகள் வரத் தொடங்கிய பிறகுதான் இந்தத் தொல்லை வந்தது.

டயரில் ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலான அளவுகள் கிடைக்கும். 1970-களிலும் 80-களிலும் சில ஐரோப்பியக் கார்களில் மிஷலினின் டிஆர்எக்ஸ் சக்கரம் வந்தது. அதன் விட்டம் 365, 390 என்று மில்லிமீட்டரில். சாதாரண அங்குல டயர் அதில் ஏறாது. அப்படி ஒன்று அகப்பட்டால் வண்டி வாங்கும்போதே வேறு சக்கரத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஐந்தாம் படி: தேவைப்படும் முன் சேர்த்து வையுங்கள், ஆனால் எல்லாவற்றையும் அல்ல

மேலே சொன்னவற்றைக் கழித்துவிட்டு மிச்சம் இருப்பதுதான் உங்கள் உண்மையான பட்டியல். அதில் எதை முதலில் வாங்குவது? பார்க்கிங்கில் இடிபட்டால் உடையக்கூடியதும், அந்த மாடலுக்கே உரியதும் எதுவோ அதை. பின் விளக்கு லென்ஸ், முன் இண்டிகேட்டர், பக்கக் கண்ணாடி, முன் மட்கார்டு, பம்பர் முனை. இவை வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வாங்கி வைக்க வேண்டியவை. வாட்டர் பம்ப் போன்றவை அடுத்து.

பல வருடம் பெட்டி பிரிக்காமல் கிடந்த பழைய புதுச் சரக்கு என்று ஒன்று விற்பார்கள். அசல் கம்பெனிப் பெட்டியில், ஒட்டிய லேபிளோடு. பார்க்கவே ஆசையாக இருக்கும். உலோகம், கண்ணாடி, லென்ஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ரப்பர் என்றால் வேண்டாம். ரப்பருக்கு வயது ஓட்டத்தால் மட்டும் ஏறுவதில்லை. காற்றிலுள்ள ஓசோன், வெளிச்சம், சூடு எல்லாம் சேர்ந்து பெட்டிக்குள்ளேயே அதைக் கெடுக்கும். முப்பது வருடம் பெட்டியில் இருந்த பிரேக் ஹோஸும் டைமிங் பெல்ட்டும் புதியவை அல்ல, முப்பது வருடப் பழையவை. டயருக்கும் இதே விதி. அதன் பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துகளோடு வரும் குறியின் கடைசி நான்கு இலக்கம் வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் 2000-க்கு முந்தையது, தொடாதீர்கள்.

பழைய பிரேக் லைனிங்கும் வேண்டாம். ஒட்டு விட்டுப்போகலாம் என்பது ஒன்று. அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பது இன்னும் முக்கியமானது. உங்கள் வண்டியிலேயே பழைய லைனிங் இருந்தால் டிரம்மைத் திறக்கும்போது தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

ரப்பர் வாங்கும்போது அது எந்தத் திரவத்தைத் தொடப் போகிறது என்று பாருங்கள். டாட் 3, டாட் 4 போன்ற கிளைகால் (glycol) வகை பிரேக் ஆயிலுக்கான ரப்பர் மினரல் ஆயில் பட்டால் ஊதிப்போகும். சித்ரோயனின் பழைய கார்களில் வரும் பச்சை நிற எல்எச்எம் மினரல் வகை. அதில் சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றினால் மொத்த சிஸ்டத்தின் சீலும் போய்விடும். பெட்ரோல் ஹோஸுக்கும் இதே கவனம் வேண்டும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, பழைய ஹோஸ் அதைத் தாங்காது. எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்த ஹோஸை வாங்கி, பழையதை எல்லாம் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் கசிவு என்பது பிறகு பார்க்கலாம் என்று தள்ளும் வேலை அல்ல.

ஆறாம் படி: உடைத்து விற்கும் இடத்துக்குப் போகும்போது

உங்கள் மாடல் ஒன்று கழிவுக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தால் அன்றே போங்கள். அடுத்த வாரம் அது நசுக்கப்பட்டிருக்கும்.

எல்லோரும் பெரிய சாமானைக் கழற்றுவார்கள். நீங்கள் சின்னதைக் கழற்றுங்கள். உள்பக்கத் தட்டிகளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப், அந்த மாடலுக்கே உரிய தலை வைத்த ஸ்க்ரூ, வயரிங் கனெக்டர் ஆகியவற்றை விலை கேட்டால் விற்பவரே சிரிப்பார். ஆறு மாதம் கழித்து இவைதான் உங்களை நிறுத்தும். கனெக்டரை வெறுமனே பிடுங்காமல், ஒரு சாண் வயரோடு வெட்டி எடுங்கள். அப்போதுதான் உங்கள் வண்டியில் இணைக்க முடியும். எதையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றியதும் பையில் போட்டு எந்தக் காரின் எந்த இடம் என்று ஒரு சீட்டு. குளிரில் பழைய பிளாஸ்டிக் உடையும், அதனால் வெயில் ஏறிய பிறகு கழற்றுவது நல்லது.

எடுக்கக் கூடாதவையும் உண்டு. ஏர்பேக் கூடவே கூடாது. அதற்குள் வெடிமருந்து இருக்கிறது. டக்காட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் அம்மோனியம் நைட்ரேட் சூட்டிலும் ஈரத்திலும் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகள் பாய்ந்து ஆட்கள் இறந்தார்கள். அதற்காகக் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. கழிவு வண்டியில் கிடக்கும் ஏர்பேக் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததா என்று வெளியில் பார்த்துத் தெரியாது. விபத்தில் சிக்கிய காரின் சீட் பெல்ட்டும் வேண்டாம்.

ஒரு முழு வண்டியையே பாகத்துக்காக வாங்கிப் போடலாமா என்று கேட்பார்கள். இடம் இருந்தால் வாங்கலாம். ஆனால் அதை அப்படியே நிறுத்தி வைத்தால் அதுவும் மழையில் துருப்பிடித்து இரண்டு குப்பையாகிவிடும். வந்த மாதத்திலேயே முழுவதும் கழற்றி, உள்ளே அடுக்கி, கூட்டை அனுப்பிவிடுங்கள். ஓடும் நிலையில் இருக்கும் கடைசிச் சில வண்டிகளில் ஒன்றைப் பாகத்துக்காக உடைப்பதை மட்டும் நான் ஒப்ப மாட்டேன்.

ஏழாம் படி: மின்னணு இருந்தால் கூடுதல் எச்சரிக்கை

1960-களின் காரைவிட 1990-களின் காரை உயிரோடு வைத்திருப்பது கடினம். கார்புரேட்டருக்கு கேஸ்கெட் கிட் இருந்தால் மேசையிலேயே பிரித்துப் பூட்டிவிடலாம். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசியு பெட்டியை அப்படிச் செய்ய முடியாது. அதற்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் வயதானால் கசியும். கசிந்த திரவம் சர்க்யூட் பலகையின் செம்புக் கோடுகளை அரிக்கும். எஞ்சின் காரணமில்லாமல் திணறத் தொடங்கியதும் பாகம் மாற்றாமல், முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள். மீன் நாற்றம் அடித்தால் கெப்பாசிட்டர்தான். எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் தெரிந்த யாரும் சில சில்லறைக் கெப்பாசிட்டர்களால் அதைச் சரிசெய்துவிடுவார், கோடு அரிக்கும் முன் போனால்.

மாற்று ஈசியு ஒன்று வாங்கி வைப்பதானால், 1990-களின் பிற்பகுதியிலிருந்து வந்த வண்டிகளில், சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத இம்மொபிலைசர் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். ஈசியு, சாவி, அதைப் படிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி மூன்றையும் ஒரே காரிலிருந்து செட்டாக வாங்க வேண்டும். தனியாக வாங்கிய ஈசியு வண்டியை ஸ்டார்ட் ஆகவே விடாது. காற்று அளக்கும் சென்சாரும் பிரேக்குக்கான ஏபிஎஸ் பெட்டியும் இதே பட்டியலில் வரும்.

எட்டாம் படி: கிடைக்காததைப் பழுது பார்க்கவும் செய்யவும்

இப்போதைய சர்வீஸ் நிலையங்களில் மாற்றுவார்கள். பழைய பட்டறைகளில் சரிசெய்வார்கள். உங்களுக்கு இரண்டாம் வகை ஆட்கள் வேண்டும். தேய்ந்த கிளட்ச் பிளேட்டுக்கும் பிரேக் ஷூவுக்கும் புது லைனிங் ஒட்டலாம். குழி விழுந்த மாஸ்டர் சிலிண்டரைக் கடைந்து உள்ளே ஸ்டெயின்லெஸ் குழாய் சொருகினால் முன்பைவிட நீண்ட நாள் வரும். ரேடியேட்டரின் தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுவிலிருக்கும் கோர் பகுதியை மட்டும் புதிதாகப் போடலாம். ஆல்டர்னேட்டருக்கு காயில் சுற்றலாம். அதனால் பழைய பாகத்தை எந்தக் கடையிலும் பதிலுக்குக் கொடுத்துவிட்டு வராதீர்கள். கெட்டுப்போன அசல்தான் நாளைக்கு மாதிரி.

உள்பக்க பிளாஸ்டிக்குக்கு 3டி பிரிண்டிங் இப்போது நல்ல வழி. பலரும் முதலில் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் அச்சடிக்கிறார்கள். அது 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகும், வெயிலில் மூடி நிற்கும் காரின் டேஷ்போர்டு அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். ஏபிஎஸ் (பிரேக் ஏபிஎஸ் அல்ல), ஏஎஸ்ஏ போன்ற பிளாஸ்டிக் வகையைக் கேளுங்கள். நாப், கிளிப், மூடி, ஏசி காற்றுத் தட்டி வரைக்கும் சரி. பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பக்கம் அச்சடித்த பிளாஸ்டிக்கைக் கொண்டுபோகக் கூடாது.

கதவு ரப்பர் பீடிங்கை ஒருவருக்காக யாரும் செய்து தர மாட்டார்கள். ரப்பரை அந்த வடிவத்தில் பிதுக்கும் அச்சான டையை வெட்டும் செலவே பெரிது, அதற்கு மேல் குறைந்தபட்ச மீட்டர் கணக்கு ஒன்று வைப்பார்கள். இதே கார் வைத்திருக்கும் இருபது முப்பது பேர் சேர்ந்தால் அது ஆளுக்குத் தாங்கக்கூடிய தொகையாகிவிடும். சேர்ந்து செய்வதென்றால் பணம் வசூலிக்கும் முன் ஒரு அடி நீளத்துக்கு மாதிரி வாங்கி, ஒரு கதவில் பொருத்திப் பாருங்கள். கதவை அடித்துச் சாத்த வேண்டியிருந்தால் ரப்பர் கனமாக இருக்கிறது அல்லது கடினமாக இருக்கிறது. டையைத் திருத்தச் சொல்ல அதுதான் கடைசி நேரம். டை யாருடைய சொத்து, அடுத்த முறை ஆர்டர் கொடுக்க யாருக்கு உரிமை என்பதையும் அந்தக் கட்டத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த தடவை வேறு ஒருவர் அதே டைக்கு மறுபடி பணம் கட்டுவார்.